விதி செய்த புண்ணா?

எழுந்து நடக்க இயலாத முதியவர் படுக்கையிலே கிடக்கிறார். நாட்கள் சில செல்கின்றன. முதுகின் அடியிலே, இடுப்பிலே, குதிகாலிலே தோல் கன்றுகிறது. பிறகு புண்ணாகிக் குழிகிறது. பார்க்க வருவோர் என்ன சொல்கின்றனர்? "எந்தப் பிறவியில் செய்த பாவமோ!" என்கின்றனர். புண்ணும் அவருக்கு, பழியும் அவருக்கு!

நாம் கேட்கிறோம்: பாவத்தின் பயன் எனில், அது எலும்பு அழுந்தும் இடமாகப் பார்த்துப் பார்த்து வருவானேன்?

உடலின் பாரம் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோலை நசுக்குகிறது. குருதியோட்டம் தடைப்படுகிறது. தசை சாகிறது. காரணம் இதுதான், கர்மமன்று.

கற்றோர் அவையிலும் விதி வேறு உடை உடுத்தி உலவியதுண்டு. 19ஆம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டு நரம்பியல் பேரறிஞர் சார்க்கோ, நரம்பு மண்டலம் கெட்டதன் விளைவே இப்புண் என்றார். சாவின் அறிகுறியாகவும் அதனைக் கண்டார். ஆனால் 1859இலேயே பிளாரன்ஸ் நைட்டிங்கேல், படுக்கைப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் நோயன்று, பணிவிடையின் குறையே என்று எழுதிவிட்டார். பேரறிஞர் விதி என்றார். செவிலி பொறுப்பு என்றார்!

பொறுப்பை ஏற்ற பின்னும் பழக்கம் விடவில்லை. மருத்துவமனைகளில் ஸ்பிரிட்டைத் தேய்த்தனர். முட்டையின் வெண்கருவைப் பூசினர். ஏன்? மூத்தவர் செய்தார், ஆகவே இளையவரும் செய்தார். சடங்கு கோயிலில் மட்டுமா இருக்கிறது?

இங்கிலாந்திலே டோரீன் நார்ட்டன் என்ற செவிலி அந்தச் சடங்கைச் சோதனைக்கு உட்படுத்தினார். அவரும் உடன் ஆய்ந்தோரும் 1962இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: காத்தது பூச்சு அன்று, நோயாளியை முறையாகப் புரட்டிப் படுக்க வைத்ததே. உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், தானே அசையும் ஆற்றல், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 4 வரை அவர் மதிப்பெண் வகுத்தார். முழு எண் 20. 14 அல்லது அதற்கும் கீழெனில் ஆபத்து. புண் வந்தபின் புலம்புவதன்று, வருமுன் முடிவெடுப்பதே செவிலியின் அறிவு என்றாயிற்று.

எண்ணோடு கண்ணும் கையும் வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா? வெளுத்து மீண்டும் சிவந்தால் குருதி ஓடுகிறது; வெளுக்காவிடில் கேடு தொடங்கிவிட்டது. ஆனால் நம்மைப் போன்ற கருநிறத்தவர் தோலிலே அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. வெள்ளைத் தோலுக்கு எழுதிய இலக்கணம் இங்கே ஏமாற்றிவிடும். ஆகவே சூடு உண்டா, தடிப்பு உண்டா, வலி உண்டா என்று தொட்டும் கேட்டும் அறிந்தே செவிலி முடிவெடுக்க வேண்டும்.

முடிவெடுத்தால் போதுமா? புரட்டக் கைகள் வேண்டாமா? கூடம் நிறைய நோயாளிகளை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, புண் வந்ததும் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறமன்று. போதிய செவிலியரை அமர்த்துவதும் புண்ணுக்கு மருந்தே.

இளைஞர்களே! உங்கள் இல்லத்திலும் படுத்த படுக்கையாய் ஒரு பாட்டி இருக்கலாம். கன்றிய இடத்தைத் தேய்க்காதீர், அழுத்தத்தை நீக்குங்கள். விதியை நம்பியவன் கைகட்டி நிற்பான். காரணம் கண்டவன் கைகொடுத்துப் புரட்டுவான்.