கூம்பின் முன் ஒரு முதிய குரல்

1905 ஆம் ஆண்டின் இறுதியில், வேல்சு நாட்டுக் கிரெய்க்-இ-நோஸ் மாளிகைக்கு ஒலிப்பதிவாளர் தம் கருவிகளைக் கொண்டுசென்றனர். அம்மாளிகையின் தலைவி, சோப்ரானோ எனும் உச்சக்குரலால் ஐரோப்பிய இசையரங்குகளை ஆண்ட அடெலினா பட்டி. அப்போது அவருக்கு வயது 62.

மின்முறைப் பதிவு தோன்றாத காலம் அது. கூம்பொன்றின் வாயை நோக்கிப் பாட, அவ்வொலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறும்.

மறு ஆண்டு அங்கே பதிவானவற்றுள் ஒன்று, பெல்லினியின் 'லா சொன்னாம்புலா' இசைநாடகப் பாடல். துயிலில் நடக்கும் அமினா, காதலன் தந்த மலர் வாடியமைக்கு வருந்துகிறாள். 1861 இல், 18 வயதுப் பட்டி லண்டன் கொவென்ற் கார்டனில் முதன்முதல் தோன்றியதும் இதே அமினாவாகத்தான்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் குரலிற் படிந்துள்ளன. மூச்சுக் குறுகியிருக்கிறது, உச்ச சுரங்களிற் பழைய எளிமை இல்லை. இவற்றையே கேட்போர் தட்டை விரைவில் எடுத்துவிடுவர். அது பெரும் பிழை. சுரத்தினின்று சுரத்துக்கு அறுபடாது இழைந்து செல்லும் பாங்கையும், உணர்ச்சிக்கேற்பக் காலத்தை நெகிழ்த்தும் துணிவையும் நேயர் கவனித்தல் வேண்டும். லொட்டியின் 'பூர் டிச்செஸ்தி' தட்டிலோ, அடுத்துள்ள இரு சுரங்களை மாறிமாறி அதிரவிடும் நுட்பம் இளம் பாடகியரும் நாணுமாறு துல்லியமாக ஒலிக்கிறது. பிற்காலத்தார் பலர் சுரக்குறிப்புக்குப் பணிந்து பாடினர். பட்டி கற்ற மரபில் அதனை நெகிழ்த்துவது பாடகியின் உரிமை. அவ்வுரிமையை நூல்கள் விவரிக்கலாம்; ஒலியாகக் காட்டுவது இத்தட்டு.

தம் குரலை முதன்முறை கேட்டபோது அவர் மகிழ்ச்சி மிகுந்து கூம்பினுள் முத்தங்களைப் பறக்கவிட்டாரெனப் பியானோ வாசித்த லாண்டன் ரொனால்ட் பின்னர் எழுதினார்.