தன்னார்வ அமைப்புகளின் சமூகப் பணியாளர் பயிற்சி: அரசு நிதி (மதுரை வட்டாரம்)

தன்னார்வ அமைப்புகளின் களப்பணியாளர்களைப் பயிற்றுவிக்க மத்திய, மாநில அரசுகள் வழங்கும் மானியம். 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூகநல வாரியம் இத்தகைய உதவிக்கு முறையான வழி வகுத்தது. மதுரைப் பகுதியில் களப்பணியாளர் பயிற்சிக்கு அடித்தளமிட்டது, 1947இல் மருத்துவர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே தொடங்கிய காந்திகிராமம். அது அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985இல் திண்டுக்கல் மாவட்டத்துக்குப் போனது. கிராமப் பெண்களையே சேவிகைகளாக உருவாக்கியது அதன் தனிச்சிறப்பு. 1966இல் கேப்டன் டி.வி.பி. ராஜா நிறுவிய மதுரை சமூக அறிவியல் கல்லூரி, சமூகப்பணியைப் பட்டப்படிப்பாக மதுரைக்குக் கொண்டுவந்தது.

1975இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் வந்தபின், அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சி மையங்களை நடத்தும் பொறுப்பு நாடெங்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் தரப்பட்டது. செலவை அரசு ஏற்றது. குழந்தையை எடைபோட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, கோடு சரிந்தால் தாயிடம் பக்குவமாகப் பேசுவது வரை அங்கே கற்பிக்கப்பட்டது.

மானியம் பெரும்பாலும் திட்டக் காலத்தோடு நின்றுவிடுகிறது. பயிற்சிக்குப் பணம் கொடுத்துவிட்டு, பயின்றவரின் ஊதியத்தை மறப்பது இந்த ஏற்பாட்டின் பெருங்குறை. தேர்ந்த பணியாளரை அமைப்புகள் இழப்பது அதனால்தான்.