இணையதள வடிவமைப்பு

வருபவர் தேடி வந்ததைத் தடுமாறாமல் கண்டடையும்படி பக்கங்களை ஒழுங்கு செய்யும் கலை. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுதல்கள் 2009-இல் வெளியாகி, 2018, 2023 ஆண்டுகளில் திருத்தப்பட்டன. அவை பின்பற்றும் உலகளாவிய அணுகல் நெறிப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும். 5 நொடிக்கு மேல் தானாக ஓடும் எழுத்தை நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். நம் அரசுத் தளங்களின் முகப்பில் ஓடும் அறிவிப்புகள் இதைப் பெரிதும் மதிப்பதில்லை.

தமிழுக்கு முதல் தடையாக இருந்தது எழுத்துருதான். தளத்துக்கொரு எழுத்துரு இருந்த காலத்தில், அது கணினியில் இல்லாதவருக்குப் பக்கம் முழுதும் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. சிக்கலைத் தீர்த்தது, ஒவ்வொரு எழுத்துக்கும் பொதுவான எண் தரும் ஒருங்குறி (யூனிகோடு). தமிழ்நாடு அரசு 2010-இல் அதை ஏற்றது.

எழுத்துக்கு அடுத்து, யாருக்கான தளம் என்ற கேள்வி. சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தில் பயனர் ஒரே வகையினர் அல்லர். மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பூங்காவில் மனை தேடும் முதலீட்டாளருக்கு ஆங்கிலமும் கணினியும் போதும். கட்டுமானப் பணிக்கு வந்த ஒடியா, இந்தி பேசும் தொழிலாளிக்குக் கைப்பேசிதான் திரை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளம், 2025 ஜனவரியில்தான் 22 மொழிகளுக்கு விரிந்தது. தானே பதிய, ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். ஊர் மாறி சிம்மையும் மாற்றியவர் பொதுச் சேவை மையத்தில் விரல்ரேகை வைத்துப் பதியலாம்.