தவளப் பாதையும் புகையிரதப் பாதையும்: பதுளைக்கு ஒரு பயணம்

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். நமது கல்லூரியின் வயதை ஒத்தது அந்த நிலையம். அதற்கு வெகுகாலம் முன்பே நம் கரையிலிருந்து அவ்வூருக்குப் போக்குவரத்து இருந்ததை நாம் வகுப்பில் படித்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பொதி மாடுகளின் நீண்ட வரிசைக்குத் தவளம் என்று பெயர். கிழக்குக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு, வெல்லஸ்ஸக் காடுகளினூடே ஊவாவுக்கு ஏறினார்கள்; பாக்கும் மலைநாட்டு விளைபொருளும் கொண்டு இறங்கினார்கள். இது வெறும் வியாபாரமாக மட்டும் இருக்கவில்லை. 1817இல் பிரித்தானியர் ஹாஜி என்பவரை வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு முகாந்திரமாக நியமித்தனர். தங்கள் அதிகாரம் குறைந்ததில் கண்டிப் பிரதானிகளுக்கு எழுந்த சினம், அவ்வாண்டு மூண்ட ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின் காரணங்களுள் ஒன்றாயிற்று.

ஆகஸ்ட் விடுமுறையில் பழைய மாணவிகள் எழுவர் வேன் ஒன்றில் புறப்பட்டோம். அம்பாறை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று வழி. மகாஓயாவுக்கு அப்பால் நாங்கள் சென்றது பேராதனையில் தொடங்கி, பதுளையைக் கடந்து, மட்டக்களப்பின் செங்கலடியில் முடியும் ஏ5 வீதி. பசறை வளைவுகளில் இருவருக்குத் தலைசுற்றல், எலுமிச்சம்பழம் கைகொடுத்தது.

மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது பதுளை. குளிருக்கென்று கட்டிவந்த கம்பளிச் சட்டைகள் பெட்டியிலேயே கிடந்தன. அடித்தது நம் ஊர் வெயில். தென்மேற்குப் பருவமழையை மத்திய மலைகள் மறித்துவிடுகின்றன. நமக்கு மாரி பிறக்கும்போதுதான் பதுளைக்கும் மாரி.

மறுநாள் பண்டாரவளைக்குக் கோச்சியில் போனோம். இந்தப் பாதை கோப்பிக்காகத் தொடங்கியது. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி. அதற்குள் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியிருந்தது. பின்பு தேயிலைக்காக 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை. அங்கிருந்து பதுளைக்கு இறங்க மேலும் 30 ஆண்டுகள் சென்றன. சரிவு அப்படி.

தெமோதரையில் பொறியியலாளர்கள் அந்தச் சரிவை வளைத்தே வென்றார்கள். பதுளையிலிருந்து ஏறும் கோச்சி முதலில் நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைகிறது. மலையைச் சுற்றி ஏறி, அதே நிலையத்தில் வந்து நிற்கிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்தே பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்ததாக ஒரு கதை. நிஜமோ என்னவோ, எங்களுக்குப் பிடித்தது. மலையகத் தமிழர் ஒருவர் இந்தப் பாதையின் கதையில் இடம்பிடிப்பது இந்தத் தலைப்பாகையோடுதான்.

எல்லவை நெருங்கும்போது 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம். கல், செங்கல், சீமெந்து மட்டும், இரும்பு இல்லை. வெளிநாட்டவர் நூற்றுக்கணக்கில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, தேயிலைக்கு நடுவே லயங்கள். அங்கே எவரும் கமெரா திருப்பவில்லை. அந்தக் குடும்பங்களின் முன்னோர் பலர் மலைக்கு வந்தது ரயிலில் அல்ல. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தலைமன்னார்ப் பாதை திறந்தது 1914இல்தான். தேயிலைப் பெட்டிக்கு ரயில் முதலில் கிடைத்தது, அதைக் கொய்தவர்களுக்குப் பிறகு.

நம் கரைக்குக் கிடைத்தது என்ன? மட்டக்களப்புக்கு 1928இல் ரயில் வந்தது, அதோடு நின்றது. கல்முனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு எதற்கும் இன்றுவரை தண்டவாளம் இல்லை. ஊவாவின் முகத்தைக் கொழும்புப் பக்கம் திருப்பும் வேலையை வீதிகள் தொடங்கின. புகையிரதம் முடித்துவைத்தது என்பது எங்கள் எண்ணம். தவளம் போன வழியில் இன்று இருப்பது பஸ்தான்.

திரும்பும் முன் பதுளைச் சந்தைக்குப் போனோம். கருவாடு எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் விசாரித்தோம். "கொழும்பிலிருந்து லொறியில் வரும்" என்றவர், எங்கள் பேச்சைக் கேட்டு ஊரை விசாரித்தார். சொன்னோம். "அந்தப் பக்கத்துக் கருவாடு என்றால் எங்கள் அப்பா தனியாக எடுத்து வைப்பார்" என்றார்.