மூச்சும் தோலும்: டொக்டர் கிறீன் விட்டுச்சென்ற சொற்கள்

வட்டுக்கோட்டை என்றதும் நம்மிற் பெரும்பாலானோருக்கு 1976 மே 14 ஆம் திகதித் தீர்மானமே நினைவுக்கு வரும். சற்று முந்திய தலைமுறையினராயின் செமினரியைச் சொல்வர். 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, சி. வை. தாமோதரம்பிள்ளையையும் கரோல் விசுவநாதபிள்ளையையும் தந்தது. தமிழ் ஆய்வாளர்கள் அதைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். ஆனால் அதே ஊரில் தொடங்கிய இன்னொரு முயற்சி, நோயாளியின் படுக்கையருகே நிற்பவருக்குத் தமிழிலேயே வைத்தியம் சொல்லிக் கொடுத்த முயற்சி, அத்துணை பேசப்படுவதில்லை.

அதற்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1820 அளவில் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கிய ஜோன் ஸ்கடரை அறிந்திருப்பீர்கள். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேர்த்தி. அவருக்குப் பின், 1833 இல் வந்த நேதன் வார்ட் வட்டுக்கோட்டையில் வைத்தியம் கற்பித்தார். 1847 ஒக்டோபரில், இருபத்தைந்தே வயதான சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்து சேர்ந்தார். வட்டுக்கோட்டையிலே தங்கி நோயாளரைப் பார்க்கத் தொடங்கியவர், அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு இடம் மாறி, அங்கே மாணவரைச் சேர்த்து வகுப்பும் நடத்தினார். முதல் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆங்கிலம் கற்ற இளைஞரைச் செமினரி தந்துகொண்டிருந்ததால் அதில் வியப்பில்லை.

அக்காலத்தில் வைத்தியரிடம் இருந்த மருந்துகள் மிகக் குறைவு என்பதை இன்றைய வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். குட்டநோயின் கிருமியை ஹன்சன் கண்டறிந்தது 1873 இல்; கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டதும் அதே ஆண்டில்தான். காசநோய்க் கிருமியைக் கோக் அறிவித்தது 1882 இல். அதுவரை மூச்சு நோய்க்கும் தோல் நோய்க்கும் வைத்தியர் செய்யக்கூடியதிற் பெரும்பங்கு பராமரிப்பே. மூச்சுத் திணறுபவரைச் சாய்த்து இருத்துவது, அறைக்குக் காற்று விடுவது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று அவர் அறியாமலே எண்ணுவது (எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் கதி மாறிவிடும்), சளியின் நிறத்தைப் பார்ப்பது, படுக்கையிற் கிடப்பவரைப் புரட்டிக் கிடத்துவது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, சொறி கண்ட வீட்டில் ஒருவரை மட்டுமன்றி எல்லாரையும் கவனித்து உடுபுடைவைகளையும் சுத்தம் செய்வது என்று அந்த வேலை விரியும். இவற்றுட் பெரும்பாலானவை இன்றும் தாதியியல் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே கற்கும் பாடங்கள்.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் தாதியம் பற்றிய தம் சிறு நூலை வெளியிட்டது 1859 இன் இறுதியில். நோயாளி சுவாசிக்கும் காற்று வெளிக்காற்றைப் போலத் தூய்மையாக இருக்க வேண்டும், ஆனால் அவரைக் குளிர் தாக்கலாகாது என்பதையே அவர் முதல் விதியாக வைத்தார். தோலைக் கழுவித் தூய்மை செய்வதும் காற்றோட்டமும் ஒரே நோக்கம் கொண்டவை என்றும் அவர் கருதினார். மூச்சையும் தோலையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்க்கும் இந்த வழக்கம் தற்செயலானதன்று. கருவி எதுவுமின்றிக் கண்ணாலும் கையாலும் அறியக்கூடியவை அவை இரண்டுமே. உதடு நீலம் பாரித்தால் மூச்சின் செய்தியைத் தோல்தானே சொல்கிறது!

இனி, கதையின் மையத்துக்கு வருகிறேன். நோயாளியருகே இரவு முழுவதும் இருப்பவர் வைத்தியர் அல்லர். நம்மூரில் அது தாயோ, மனைவியோ, பெரியம்மாவோதான். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்திற் கற்றவர் எந்தச் சொற்களாற் சொல்வார்?

கிறீன் இக்கேள்வியை எதிர்கொண்டபோது காலமும் மாறியிருந்தது. ருபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த மிஷன் குழு சுதேச மொழிக் கல்வியை வற்புறுத்தியதைத் தொடர்ந்து 1855 இல் செமினரி மூடப்பட்டது. அந்த முடிவால் யாழ்ப்பாணத்தின் உயர்கல்வி பட்ட பாடு வேறு விடயம். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் கிறீனின் காரணம் அன்டர்சனுடையதினின்றும் வேறானது. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். தமிழிற் கற்றவர் தமிழ்க் கிராமத்திலேயே இருப்பார் என்று அவர் கணக்கிட்டார். விடுமுறையில் அமெரிக்கா சென்று 1862 இல் திரும்பியவர், 1864 முதல் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். அவரிடம் பயின்று வெளியேறியவர்கள், முன்னைய ஆங்கில வகுப்பினரையும் சேர்த்து, அறுபதுக்கும் மேற்பட்டோர்.

பாடநூல் வேண்டுமே! ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார்; மாணவரையும் அதில் ஈடுபடுத்தினார். மோன்செல்லின் பிரசவ வைத்தியம் 1857 இலேயே வந்துவிட்டது. இரண வைத்தியம் 1867 இலும், கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும், ‘மனுஷ சுகரணம்’ 1883 இலும் வெளியாகின. நம் பொருளுக்கு நெருங்கியது 1872 இல் வந்த ‘வைத்தியாகரம்’. ஹூப்பரின் புகழ்பெற்ற வைத்தியர் கைந்நூலின் தமிழ் வடிவம் அது. சுவாச உறுப்பு நோய்களும் தோல் நோய்களும் தனித்தனியே வகுத்துச் சொல்லப்படும் நூல்.

சொல்லாக்கத்திலே கிறீனுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழிற் சொல் உண்டா என்று பார்ப்பார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அதுவும் கைகொடாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைவித்து எடுப்பார். அங்காதிபாதம், சுகரணம், கெமிஸ்தம் என்ற பெயர்களிலேயே இந்தக் கலப்பைக் காணலாம். பத்திரிகைக் கந்தோரில் இரவு வேளையிற் சுகாதாரச் செய்தியொன்றை மொழிபெயர்க்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அவர் கையில் எடுத்த மொழியும் வறியதன்று. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களைக் கொண்ட மண் இது. நம்மவர் பேச்சில் தொய்வு வேறு, தடிமன் வேறு, ஈளை வேறு. தோலிலே சொறி, சிரங்கு, படை, தேமல், கரப்பன், அக்கி ஒவ்வொன்றும் தனி. கொப்புளிப்பானைச் சின்னமுத்தோடு எந்த ஆச்சியும் குழப்பமாட்டார். நோயாளி தன் துன்பத்தைச் சொல்லும் இச்சொற்களும் வைத்தியர் எழுதும் சொற்களும் ஒரே மொழியில் இருந்தால் இடையிலே தவறுவது குறையும்.

இதே காலத்தில் வன்னியிலிருந்து வேறொரு பாதை திறந்தது. வன்னி மக்கள் தொகை தேய்ந்துவருவதை ஆராய, வடமாகாண வைத்திய அதிகாரி ஜேம்ஸ் லூஸ் 1860 களின் பிற்பகுதியில் நியமிக்கப்பட்டார். அவர் கண்டவற்றுள் முதன்மையானது பறங்கிப் புண். போர்த்துக்கேயரின் பெயரை ஏற்ற இந்நோய் தோலோடு தோல் படுவதாற் பரவுவது. குழந்தைகளையே அதிகம் பிடிக்கும். முற்றினால் எலும்பையும் அரிக்கும். (நாட்டு வைத்தியத்தில் அதற்கு வழங்கிய மருந்துக்கும் பறங்கிப்பட்டை என்றே பெயர்!) வைத்தியரைப் பயிற்றினாலன்றி வன்னி மீளாது என்று லூஸ் கூறியதன் விளைவாகவே 1870 இல் கொழும்பு வைத்தியக் கல்லூரி தொடங்கியது; முதல் அதிபரும் அவரே. போதனா மொழி ஆங்கிலம். வன்னிக் குழந்தைகளின் தோற்புண்ணுக்காக எழுந்த கல்லூரியில் அக்குழந்தைகளின் தாய்மார் பேசிய மொழிக்கு இடமிருக்கவில்லை. அரசாங்க உத்தியோகமும் அங்கீகாரமும் அக்கல்லூரி வழியே சென்றன. மானிப்பாயின் தமிழ் வகுப்பு அந்தப் போட்டியைத் தாங்கியிருக்க முடியாது.

பெண்கள் முறையாகத் தாதியராகும் கதை இணுவிலில் வருகிறது. லீச் சகோதரிகளின் முயற்சியாற் பெண்களுக்கென 1898 இல் அங்கே மக்லியோட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. இசபெல்லா கேர் பல்லாண்டுகள் அங்கே பணியாற்ற, உள்ளூர்ப் பெண்கள் தாதியராகப் பயின்றனர். இம்முயற்சிக்காகக் கனடாவிலிருந்து வந்த மேரி அர்வின், தமிழர் ஒருவரை மணந்ததால் மிஷன் பணியை இழந்தார். மேரி ரட்ணம் என்ற பெயரில் கொழும்பிற் புகழ்பெற்ற அவருக்கு 1958 இல் மக்சேசே விருது கிடைத்தது. மிஷன் இழந்ததை நாடு பெற்றது என்க. வட்டுக்கோட்டைக்கு அயலிலேயே, மூளாயில், 1930 களில் ஊரவர் பணத்தாற் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது.

இன்று நம் தாதியியல் மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கில நூல்களிலிருந்தே சுவாச நோயையும் தோல் நோயையும் கற்கின்றனர். உலக அறிவு அங்கே இருக்கும்போது அதைக் குறைசொல்ல இயலாது. ஆயினும் நோயாளி விடுதியிற் படுத்தபடி “தொய்வு இழுக்குது பிள்ளை” என்றுதான் சொல்கிறார். அந்தப் பிள்ளை அதை ஆங்கிலத்தில் எழுதி, வைத்தியரின் விடையை மீண்டும் தமிழாக்கி அவருடைய மனைவிக்கு விளக்குகிறாள். கிறீனின் மாணவர்களுக்கென அச்சிட்ட சொற்றொகுதிகள் செய்ய நினைத்த வேலையை, அவற்றைக் கண்ணாற் காணாமலே, அவள் நாளுக்குப் பத்துத் தடவை வாயாற் செய்துகொண்டிருக்கிறாள்.