வாத்துக்குப் போடும் சோறு



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாத்துக் குஞ்சுகளை வாங்கிக் கொடுத்த பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குஞ்சு நன்றாகத்தான் இருந்தது; மூன்றாவது வாரத்தில் கால் வளைந்து உட்கார்ந்துவிட்டது. என்ன மருந்து கொடுக்கலாம் ஐயா?" நான் முதலில் தீனியைப் பற்றித்தான் கேட்பேன். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். "வீட்டில் மீந்த சோறுதான். என் பாட்டியும் தோட்டத்தில் அதைத்தானே போட்டார்கள்? அவர்கள் வளர்த்த வாத்துகள் நன்றாகத்தானே இருந்தன?"

இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிட முடியாது. சோறு தின்ற பறவையின் காலை உற்று நோக்கியதால் உலக மருத்துவமே திசை மாறிய கதை அதற்குள் இருக்கிறது. அக்கதையில் நம் நாட்டுக்கும், நம் முன்னோர் உண்ட அரிசிக்கும் பெரும் பங்குண்டு. நம் பாடநூல்களில் இது போதிய அளவு இடம்பெறவில்லை என்பது என் நெடுநாளைய குறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்கிழக்காசியாவை வாட்டிய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப்போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கும், இதயம் நின்று உயிர் பிரியும். அதன் காரணத்தை ஆராய டச்சு அரசு பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. அதன் தலைவர் கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் மருத்துவர். நோய்க்குக் கிருமியே காரணம் என நம்பி அவர் கோழிகளை வைத்துச் சோதித்துக் கொண்டிருந்தார். 1889-ஆம் ஆண்டில் அந்தக் கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. கிருமி ஏற்றிய கோழிகளுக்கும் ஏற்றாத கோழிகளுக்கும் ஒரே கதிதான். பிறகு, திடீரென்று எல்லாம் தேறின.

விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. கோழிகளைப் பார்த்துக்கொண்டவர் சிக்கனம் கருதி, இராணுவ மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மீந்த வெள்ளை அரிசிச் சோற்றைப் போட்டு வந்திருக்கிறார். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றை வெளியார் கோழிகளுக்குக் கொடுப்பதா என்று மறுத்துவிட்டார். கோழிகளுக்கு மீண்டும் தீட்டாத அரிசி கிடைத்தது. அவை எழுந்து நடந்தன. அந்தச் சமையற்காரரின் கஞ்சத்தனத்தை மனிதகுலம் வாழ்த்தத்தான் வேண்டும்! எய்க்மானுக்கு 1929-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் அவர் வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும், தவிடு அதை முறிப்பதாகவுமே தொடக்கத்தில் எண்ணினார். நஞ்சு எதுவும் இல்லை, உடலுக்கு வேண்டிய ஒரு பொருள் அந்த அரிசியில் இல்லை என்று 1901-இல் சரியாகச் சொன்னவர் அவருக்குப்பின் ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ்.

இனி மலாயாவுக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் கூட்டங்கூட்டமாகப் பெரிபெரியால் மாண்டனர். அதே வெயிலில், அதே ஈரத்தில், அவர்களைவிட ஏழ்மையில் வாழ்ந்த தமிழர்களிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. தாமே விளைவித்துக் குத்திய அரிசியை உண்ட மலாய்க் கிராமத்தாரிடமும் அப்படியே. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. 1907-இல் பிராடன் இதைப் பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார்.

அதே காலத்தில் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி ஓராண்டுக்காலம் ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். தங்கும் கட்டடம்தான் காரணமோ என்ற ஐயத்தைப் போக்க, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசி உண்ட ஏறத்தாழ 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரும் தங்கள் சம்மதத்தைச் சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அல்லர். அறிவியல் பாடத்தில் இச்சோதனையைச் சொல்லும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கோலாலம்பூரில் 1900-இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அடுத்த படியை எடுத்து வைத்தனர். ஜெலுபு வட்டாரக் காட்டில் சாலை போட்டுக் கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களைக் கொண்டு 1907-இல் தொடங்கிய ஆய்வில், வெள்ளை அரிசி உண்டவர்களிடம் ஏறக்குறைய மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. பின்னர் அவர்களும் கோழிகளிடமே திரும்பினர். வெள்ளை அரிசி தின்ற கோழி கால் தளர்ந்தது. அதே அரிசியுடன் ஆலையில் உதிர்ந்த தவிட்டையும் கலந்து கொடுத்தபோது கோழி நலமாக இருந்தது. 1910-இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாட்டில் இம்முடிவுகள் எடுத்துரைக்கப்பட்டன. அரிசியைத் தீட்டுவதே பெரிபெரிக்கு வழிவகுக்கிறது என்பதை மாநாடு ஏற்றுக்கொண்டது.

ஆலைகளில் நீக்கப்பட்ட தவிடு எங்கே போயிற்று? பன்றிக்கும் கோழிக்கும் வாத்துக்கும் தீனியாகப் போயிற்று. உயிர்காக்கும் பகுதியைக் கால்நடைக்குக் கொடுத்துவிட்டு, வெளுத்த பகுதியை மனிதன் விலை கொடுத்து வாங்கி உண்டான்.

அப்பொருளின் பெயர் தயமின், அதாவது உயிர்ச்சத்து பி1. 1926-இல் அதே பத்தாவியாவில் யான்சென், டோனாத் என்னும் இருவர் அதைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். 1936-இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்கர் இராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர் நம் நெல்லூர்!

புழுங்கல் அரிசியில் இச்சத்து எப்படித் தங்குகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, மேல்தோலில் உள்ள உயிர்ச்சத்துகள் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகின்றன. பிறகு தீட்டினாலும் ஓரளவு உள்ளே நிற்கும். இதை நம் முன்னோரின் மருத்துவ ஞானம் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. நான் அவ்வாறு சொல்லத் தயங்குகிறேன். அவித்த நெல்லில் உமி எளிதில் கழலும், அரிசி நொறுங்காது, பூச்சி எளிதில் அண்டாது. அதற்காகச் செய்தார்கள், உயிரும் காத்தது. தோட்டத்துத் தமிழர்கள் பெரிபெரிக்குத் தப்பினார்களே ஒழிய, மலேரியாவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் தப்பவில்லை என்பதையும் மறக்கலாகாது.

அந்த அரிசி கைவிட்டுப் போனபோது நிகழ்ந்ததையும் வரலாறு காட்டியது. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி இறக்குமதி சீர்குலைந்து மரவள்ளிக்கிழங்கே உணவானது. பெரிபெரி மீண்டும் பரவியது. சாங்கி போர்க் கைதிகள் முகாமில், வெள்ளை அரிசியே முதன்மை உணவான சில வாரங்களில் அந்நோய் தோன்றியது. தவிட்டைத் தேடிப் பிடித்து மருந்தாக உண்ணும் நிலை ஏற்பட்டது. சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழர்களுக்கோ தவிடும் கிடைக்கவில்லை. பேதியாலும் மலேரியாவாலும் பெரிபெரியாலும் அவர்கள் மடிந்தனர். அவர்களுள் பலருக்குக் கல்லறைகூட இல்லை.

வாத்துக்குத் திரும்புவதற்கு முன் பிராடனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் கண்ட வேறுபாடு சரி. சொன்ன காரணம் தவறு. பழைய அரிசியில் வளரும் பூஞ்சையின் நஞ்சே பெரிபெரியை உண்டாக்குகிறது என அவர் நம்பினார். ஆனால் தானியத்தில் வளரும் பூஞ்சை கொடிய நஞ்சை உண்டாக்கும் என்பது அரை நூற்றாண்டு கழித்து வேறொரு வழியில் உறுதியாயிற்று. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. வாத்துக் குஞ்சுகளும் தப்பவில்லை. தீனியில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை வளர்ந்திருந்தது. அதன் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். அது கல்லீரலைத் தாக்கும். வழக்கமான சமையல் சூட்டில் அழியாது. அந்நஞ்சைக் கண்டறியும் சோதனைக்கு அறிவியலாளர் தேர்ந்தெடுத்த உயிர், பிறந்து ஒரு நாளே ஆன வாத்துக் குஞ்சு. அந்த அளவுக்கு அது இந்நஞ்சால் எளிதில் பாதிக்கப்படும் உயிர்.

இது எங்கோ நடந்த செய்தி என்று எண்ண வேண்டா. 1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பேராக் மாநிலத்தில் 'லோ ஷி ஃபன்' என்னும் அரிசி மாவு நூடல்ஸை உண்ட 13 சீனக் குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்தனர். அஃப்ளாடாக்சினே முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது. பூசணம் பூத்த ரொட்டியையும் கடலையையும் "நாம்தான் தின்ன முடியாது, வாத்துக்காவது போடலாம்" என்று கொல்லைக்கு எடுத்துச் செல்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் அந்த நஞ்சை மிகக் குறைவாகத் தாங்கக்கூடிய உயிருக்கே அதைக் கொடுக்கிறோம். அது குப்பைக்குப் போகட்டும்.

சரி, பாட்டியின் வாத்துகள் ஏன் நன்றாக இருந்தன?

முதலாவது, அவர் போட்ட சோறு வேறு. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கல் அரிசி அது. இன்று நம் வீடுகள் பலவற்றில் வேகுவது மணமுள்ள வெள்ளை அரிசி. நமக்கு அதனால் பெரிபெரி வராமைக்குக் காரணம் உண்டு. பருப்பும் மீனும் முட்டையும் காயும் உடன் உண்கிறோம். வாத்துக்குத் தட்டில் விழுவதோ வெறுஞ்சோறு.

இரண்டாவது, அந்த வாத்து சோற்றை மட்டுமே நம்பி வாழவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்றது. எல்லாத் தோட்டங்களும் அதை ஒழுங்காகப் பின்பற்றின என்று சொல்ல மாட்டேன். ஆயினும் லயத்துக்குப் பின்னே மண் இருந்தது, அல்லூறு இருந்தது. வாத்து நாள் முழுவதும் நத்தை, புழு, பூச்சி, தவளைக்குஞ்சு, பசும்புல் எனத் தின்று மாலையில்தான் சோற்றுக்கு வந்தது.

இன்றைய வாத்துக்கு அந்த உரிமை இல்லை, கொடுக்கவும் கூடாது. 2004 ஆகஸ்டில் கிளந்தானிலும், 2006-இல் கோலாலம்பூர்ப் புறநகர், பேராக், பினாங்கு ஆகிய இடங்களிலும், 2007 ஜூனில் சுங்கை பூலோவிலும், 2017-இல் மீண்டும் கிளந்தானிலும் பறவைக் காய்ச்சல் வந்தது. கோழிக்கு அந்நோய் வந்தால் செத்து விழுந்து நமக்குக் காட்டிக் கொடுத்துவிடும். வாத்தோ சில வேளைகளில் நோய்க்குறி ஏதுமின்றி நுண்மியைச் சுமந்து பரப்பும். ஆதலால் காட்டுப் பறவைகள் கலவாதபடி வலைக்குள் வளர்ப்பதே பாதுகாப்பு. வலைக்குள் அடைத்த நாள்முதல் அதன் உணவு முழுவதும் நம் பொறுப்பாகிவிடுகிறது. பாட்டிக்கு இப்பொறுப்பு இருக்கவில்லை.

இப்போது வளைந்த காலுக்கு வருவோம். கோழிகளை வீழ்த்தியது பி1 குறை. வாத்துக் குஞ்சின் கால் வளைவுக்குப் பெரிதும் காரணமாவது அதன் உறவினரான பி3, அதாவது நியாசின் குறை. பிற உயிர்கள் புரதத்திலிருந்து இச்சத்தை ஓரளவு தாமே ஆக்கிக்கொள்ளும். வாத்துக்கு அத்திறன் குறைவு. கோழிக்குஞ்சைவிட அதற்கு இச்சத்து ஏறத்தாழ இருமடங்கு வேண்டும். அதனால்தான், கோழிக்குஞ்சுத் தீனியில் கோழிக்குஞ்சு ஓடித் திரிய, அதே தீனியைத் தின்ற வாத்துக் குஞ்சு சில வேளைகளில் முழங்கால் வீங்கி உட்கார்ந்துவிடுகிறது. தலை பின்னோக்கி வளைந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தால் அது பி1 குறையாக இருக்கக்கூடும். இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கப் பழகுங்கள்.

செய்ய வேண்டியது கடினமன்று. வாத்துக்கென்றே விற்கும் குஞ்சுத் தீனி கிடைத்தால் அதுவே சிறந்தது. கோழிக்குஞ்சுத் தீனிதான் கிடைக்கிறது என்றால், சத்துக்கென விற்கும் ஈஸ்ட் தூளை அதன்மேல் தூவிக் கொடுங்கள் (ரொட்டி புளிக்க வைக்கும் உயிருள்ள ஈஸ்ட் வேண்டா). வேகவைத்த மீன் துண்டும் பச்சைப் பட்டாணியும் நல்லவை. சோறு போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு கைப்பிடி, அதுவும் தீனி தின்ற பிறகு. தவிடு நல்லதுதான், ஆனால் அதிலுள்ள எண்ணெய் நம் வெப்பத்தில் விரைவில் சிக்கடித்துவிடும், ஆதலால் சிறிது சிறிதாகப் புதிதாய் வாங்குங்கள். தலையை முழுகவைத்து மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும் ஆழத்திற்கு நீர் வையுங்கள், நாள்தோறும் மாற்றுங்கள். ஈரமான படுக்கையிலும் பூஞ்சை வளரும். அது குஞ்சின் நுரையீரலைத் தாக்கும்.

கால் வளையத் தொடங்கிய முதல் சில நாள்களில் நியாசின் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். மூட்டு வீங்கிக் கோணிப் பல வாரங்கள் ஆகிவிட்டால் நிமிர்வது அரிது. பல பறவைகள் ஒருசேர நோயுற்றாலோ இறந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டா. கையால் தொடாமல், பிள்ளைகளை அருகில் விடாமல், கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே தெரிவித்துவிடுங்கள்.