செய்நிரலிற் பகிர்வும் தோட்டத்துத் துண்டும்: ஒரு வரலாற்று நோக்கு

உழைப்பின் பயனைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் முறை எத்துறையிலும் வரலாற்றால் உருவாவதே. கணினிச் செய்நிரலாக்கமும் இதற்கு விலக்கன்று. பேர்ள் மொழியில் ஒரு கூற்றின் சார்பினைப் பிறிதொரு கூறு பயன்படுத்தும் முறைமையைச் சப்ரகமுவத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றோடு ஈண்டு ஒப்புநோக்குவோம்.

லரி வோல் 1987இல் வெளியிட்ட இம்மொழியின் நான்காம் பதிப்பிலேயே (1991) பெயர்களை வேறுபிரிக்கும் பொதிகள் இருந்தன. எனினும் மொடியூல் எனப்படும் கூறுகள் முறையாக அமைந்தது 1994இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயாகும். அதிலுள்ள எக்ஸ்போர்ட்டர் என்னும் கூறு இருவகைப் பட்டியல்களைத் தந்தது. முதலாவதில் இடம்பெறும் சார்புகள் கேளாமலே பயனரின் பொதியுட் புகும். இரண்டாவதில் உள்ளவை பெயர் சொல்லிக் கேட்டால் மட்டுமே வரும். முன்னையது வசதியானது. ஆயின் ஒரே பெயருடைய இரு சார்புகள் வந்துசேரின், பிந்தியது முந்தியதை மறைத்துவிடும், கணக்குப் பிழைக்கும். எனவே அனுபவமுடையோர் இரண்டாவதையே விதந்துரைப்பர். சார்பு தன் இருப்பிடம் விட்டுப் பெயர்வதில்லை, அதனைச் சுட்டும் பெயரே பயனரிடம் செல்கிறது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் வளர்ந்த காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்கிடையே உழைப்புக் கைமாறியது 'துண்டு' என்னும் கடன்சீட்டினாலாகும். தொழிலாளியின் கடனைச் செலுத்தும் தோட்டத்துக்கு அவர் விடுவிக்கப்படுவார் என அது கூறும். பெயர்ந்தது உழைப்பாளியே, கடனும் அவரைத் தொடர்ந்தது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மனிதரையும் செய்நிரலையும் சமப்படுத்துவது நம் கருத்தன்று. பகிர்வின் நிபந்தனைகளை வகுப்பவர் யார் என்பதே வினா. 1995 முதல் சீபான் என்னும் களஞ்சியம் பேர்ள் கூறுகளைக் கட்டணமின்றி எவருக்கும் வழங்கிவருகிறது. பெறுவோர் மீது கடன் ஏறுவதில்லை. மேலும், பேர்ளிற் பொதியின் எல்லைக்குப் பூட்டில்லை. முழுப்பெயர் அறிந்தவர் உள்ளிருக்கும் சார்பையும் அழைக்கலாம், அழையாதிருப்பது நன்மரபு. தோட்ட எல்லையோ, தொழிற்சங்கத்தாரைத் தடுக்கும் அத்துமீறற் சட்டத்தாற் காக்கப்பட்டது.

பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயாவில் 1995இல் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் சுற்றுவட்டத் தோட்டப் பிள்ளைகளும் இப்பொதுச்சொத்தின் உரிமையாளரே. ஆயினும் விளக்கவுரைகள் தமிழில் எழுதப்படாதவரை அவ்வுரிமை பெயரளவினதேயாகும். களஞ்சியத்தின் வாயில் திறந்திருப்பினும், மொழி அங்கு இன்னொரு துண்டாக நின்றுவிடலாகாது. அவ்வெழுத்துப்பணி தமிழ்ச் சங்கங்களின் கடமையென்பது நமது துணிபு.